சென்ட்ரலில் இறங்கி வீடு சேரும் வரை: வகுப்பறையில் ஒரு பயணப் பாடம்

பள்ளிப் படிப்பின் இறுதி ஆண்டுகளில்தான் நம் மாணவர்களில் பலர் முதன்முறையாகப் பெருநகரம் ஒன்றில் கால் வைக்கிறார்கள். கல்லூரிச் சேர்க்கை, மாநில அளவிலான விளையாட்டுப் போட்டி, வேலைக்கான தேர்வு, வீட்டில் ஒருவருக்குப் பெரிய மருத்துவமனையில் சிகிச்சை எனக் காரணங்கள் பல. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த ஆண்டே அது பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. அதன் பிறகு இப்படிப் புறப்படும் முதல் தலைமுறைப் பயணிகள் கூடியிருக்கிறார்கள். வீட்டில் வழி சொல்லித் தர யாரும் அந்த வழியில் போனதில்லை.

அந்த மாணவருக்குத் தேர்வு எழுதத் தெரியும். பயணச்சீட்டில் இருக்கும் நிலையக் குறியீட்டைப் படிக்கத் தெரியுமா? பத்துப் பேர் சூழ்ந்து நின்று “எங்க போகணும்?” என்று கேட்கும்போது மரியாதை குறையாமல் மறுக்கத் தெரியுமா? வழி தவறினால் யாரை அழைப்பது என்று தெரியுமா? இவை தெரியாததால் பணம் இழந்தவர்கள் உண்டு, தேர்வு நேரத்தைத் தவறவிட்டவர்கள் உண்டு. சிறு குழந்தையாக இருந்தால் இழப்பு அதைவிடப் பெரிது.

இந்தத் திறன்களைத் தனிப் பாடமாக நடத்த வேண்டியதில்லை. கணக்கு, சமூக அறிவியல், தமிழ் ஆகிய மூன்று பாடவேளைகளிலும் ஏற்கெனவே நாம் கற்பிப்பவற்றை ஒரு பயணத்தின் மேல் வைத்துப் பார்த்தால் போதும். 6 முதல் 10ஆம் வகுப்பு வரை ஏற்றபடி எளிதாக்கியும் கடினமாக்கியும் பயன்படுத்தத்தக்க ஆறு செயல்பாடுகள் இங்கே தரப்படுகின்றன. எடுத்துக்காட்டாக, மாநிலத்தின் மிகப் பரபரப்பான நிலையமான சென்னை சென்ட்ரலை எடுத்துக்கொள்வோம். 2019 முதல் அதன் முறையான பெயர் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. இராமச்சந்திரன் மத்திய ரயில் நிலையம். மாணவர்கள் இரண்டு பெயர்களையும் அறிந்திருக்க வேண்டும். அறிவிப்புப் பலகையில் ஒன்று இருக்கும், மக்கள் வாயில் மற்றொன்று இருக்கும்.

தேவையான பொருள்கள் மிகக் குறைவு. பழைய பயணச்சீட்டுகள் நான்கைந்து (பெயர், கைப்பேசி எண் போன்றவற்றை மை பூசி மறைத்துவிடவும்), ஒரு பெரிய தாள், சுண்ணக்கட்டி, பள்ளி வளாகத்தில் கொஞ்சம் வெற்றிடம். இவை போதும்.

செயல்பாடு 1: பயணச்சீட்டு ஒரு பாடநூல்

குழுவுக்கு ஒரு பயணச்சீட்டைக் கொடுத்து, “இதில் எத்தனை எண்கள் இருக்கின்றன? ஒவ்வொன்றும் எதைச் சொல்கிறது?” என்று கேளுங்கள். மாணவர்கள் தாமே பட்டியலிடட்டும். பிறகு கீழ்க்காணும் நான்கையும் விளக்கலாம்.

முதலாவது, வண்டி எண். 2010 டிசம்பர் முதல் பயணிகள் ரயில்களுக்கு ஐந்து இலக்க எண்கள் தரப்படுகின்றன. முதல் இலக்கம் வண்டியின் வகையைச் சொல்லும். 1 அல்லது 2 எனில் தொலைதூர விரைவு வண்டி. 0 எனில் சிறப்பு வண்டி. பெரும்பாலும் போகும் வண்டிக்கும் திரும்பும் வண்டிக்கும் அடுத்தடுத்த எண்கள் இருக்கும். சென்ட்ரலிலிருந்து கோவை செல்லும் சேரன் விரைவு வண்டி 12673, கோவையிலிருந்து திரும்புவது 12674. பெயரை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றே. எண்ணைப் பார்த்தால்தான் திசை தெரியும்.

இரண்டாவது, நிலையக் குறியீடு. சென்ட்ரலின் குறியீடு எம்ஏஎஸ். எழும்பூரின் குறியீடு எம்எஸ். நடுவில் ஓர் எழுத்துதான் வேறுபாடு. ஆனால் அந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் தவறான நிலையத்திற்குப் போய் நின்றால் வண்டி போய்விடும். தாம்பரத்தின் குறியீடு டிபிஎம். மூன்றையும் கரும்பலகையில் எழுதி, மறைத்து வைத்து, மாணவர்களைச் சொல்லச் சொல்லுங்கள்.

மூன்றாவது, நேரம். ரயில்வே 24 மணி நேர முறையைப் பயன்படுத்துகிறது. 21:15 என்றால் இரவு 9.15 என்று நம் மாணவர்கள் எளிதில் சொல்லிவிடுவார்கள். சிக்கல் நள்ளிரவில் இருக்கிறது. “15ஆம் தேதி 00:10 மணிக்கு வண்டி. நீங்கள் எந்த நாள் இரவு உணவை முடித்துவிட்டு நிலையத்திற்குக் கிளம்ப வேண்டும்?” என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பில் பெரும் விவாதம் எழும். விடை, 14ஆம் தேதி இரவு. 15ஆம் தேதி இரவு போய் நின்றால் வண்டி ஏறத்தாழ ஒரு நாள் முன்பே போயிருக்கும்.

நான்காவது, படுக்கை எண். இங்கே ஆறாம் வகுப்பின் வகுத்தல் உயிர்பெறுகிறது. தூங்கும் வசதிப் பெட்டியில் எட்டெட்டுப் படுக்கைகளாக அடுக்கப்பட்டிருக்கும். படுக்கை எண்ணை 8ஆல் வகுத்து மீதியைப் பார்த்தால் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். மீதி 1 அல்லது 4 எனில் கீழ்ப் படுக்கை. 2 அல்லது 5 எனில் நடுப் படுக்கை. 3 அல்லது 6 எனில் மேல் படுக்கை. 7 எனில் பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கை. மீதி இல்லை எனில் பக்கவாட்டு மேல் படுக்கை.

இப்போது கேள்வி: “உங்கள் குடும்பத்திற்கு 17, 29, 38, 56 ஆகிய நான்கு படுக்கைகள் கிடைத்துள்ளன. முழங்கால் வலி உள்ள ஆச்சியை எங்கே படுக்க வைப்பீர்கள்?” 17இன் மீதி 1, எனவே கீழ்ப் படுக்கை. 29இன் மீதி 5, நடு. 38இன் மீதி 6, மேல். 56க்கு மீதி இல்லை, பக்கவாட்டு மேல். ஆச்சிக்கு 17. மீதி என்பது தேவையில்லாமல் மிஞ்சுவது என்று நினைத்திருந்த மாணவருக்கு, இங்கே மீதிதான் விடை என்பது புதிதாக இருக்கும்.

செயல்பாடு 2: தரையில் ஒரு நிலையம்

வளாகத்தில் சுண்ணக்கட்டியால் சென்ட்ரல் நிலையத்தை வரையுங்கள். முதலில் நடைமேடைகளை இணையான கோடுகளாகப் போடுங்கள். எல்லாக் கோடுகளும் ஒரு முனையில் பெரிய கூடத்தில் வந்து முடியட்டும். சென்ட்ரல் ஒரு முனையம். தண்டவாளங்கள் அங்கேயே முடிகின்றன. ஆகவே வந்து சேரும் வண்டியிலிருந்து இறங்கியவர், வண்டி எந்தத் திசையில் ஓடி வந்ததோ அதே திசையில் நடைமேடையில் நடந்தால் கூடத்தை அடைந்துவிடலாம். படியேற வேண்டியதில்லை. எழும்பூர் அப்படியன்று. அங்கே தண்டவாளங்கள் நிலையத்தைக் கடந்து இருபுறமும் செல்கின்றன. நடைமேடை மாற மேம்பாலம் ஏற வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டைத் தரையில் நடந்து பார்த்த மாணவர் மறக்கமாட்டார்.

நடைமேடை எண்களில் ஒரு சிறு கண்ணியும் உண்டு. 2ஆம் நடைமேடைக்கும் 3ஆம் நடைமேடைக்கும் இடையில் 2ஏ என்று ஒன்று இருக்கிறது. நீளம் குறைந்த வண்டிகளுக்கானது. “இரண்டு” என்று காதில் விழுந்தவுடன் ஓடிவிடாமல், முழு அறிவிப்பையும் கேட்க வேண்டும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

அடுத்து, திசைகள். நிலையத்தின் முன்வாசல் தெற்கு நோக்கியது. முன்வாசலில் சாலையைப் பார்த்து நின்றால் எதிரே ஈ.வெ.ரா. பெரியார் சாலை. சாலைக்கு மறுபுறம் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையும், கடற்கரை – தாம்பரம் வழித்தடத்தின் பூங்கா நிலையமும் இருக்கின்றன. வலப்புறம், அதாவது மேற்கே, அரக்கோணம், கும்மிடிப்பூண்டி திசைப் புறநகர் வண்டிகள் புறப்படும் மூர் மார்க்கெட் வளாகம். அதையடுத்து ரிப்பன் மாளிகை. இடப்புறம், கிழக்கே, வால்டாக்ஸ் சாலை. தரைக்கு அடியில் மெட்ரோ நிலையம். ஒரு மாணவர் முன்வாசலில் நிற்கட்டும். மற்றவர்கள் “மருத்துவமனை”, “புறநகர் வண்டி”, “மெட்ரோ” என்று சொல்லச் சொல்ல அவர் உரிய பக்கம் திரும்பட்டும்.

சமூக அறிவியல் ஆசிரியர் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்கலாம்: “கோவைக்குச் செல்ல சென்ட்ரல், மதுரைக்குச் செல்ல எழும்பூர். ஒரே ஊருக்கு ஏன் இரண்டு பெரிய நிலையங்கள்?” விடை வரலாற்றில் இருக்கிறது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. ஓட்டியது மெட்ராஸ் ரயில்வே என்னும் நிறுவனம். அதற்காக 1873இல் சென்ட்ரல் திறக்கப்பட்டது. மேற்கிலும் வடக்கிலும் செல்லும் அகல ரயில் பாதைகள் அதனுடையவை. தெற்கு மாவட்டங்களுக்கு மீட்டர் பாதையில் வண்டி ஓட்டியது சவுத் இந்தியன் ரயில்வே என்னும் வேறு நிறுவனம். அதற்காக 1908இல் எழும்பூர் நிலையம் எழுந்தது. 1951இல் இவையெல்லாம் இணைந்து தெற்கு ரயில்வே ஆயின. நிறுவனங்கள் மறைந்து, மீட்டர் பாதைகளும் அகலப் பாதைகளாக மாறிவிட்டன. ஆனாலும் வண்டிகள் பெரும்பாலும் பழைய வழக்கப்படியே பிரிந்து நிற்கின்றன. நூறாண்டுக்கு முந்தைய வணிக முடிவு ஒன்று இன்றைய பயணியை எந்த வாசலில் நிறுத்துகிறது என்பதை மாணவர்கள் இங்கே நேரடியாக உணரலாம்.

செயல்பாடு 3: காதும் வாயும்

ரயில் நிலைய அறிவிப்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு: வண்டி எண், எங்கிருந்து எங்கே, வண்டியின் பெயர், நடைமேடை எண். ஒரு மாணவர் மேசைக்குப் பின்னால் நின்று அறிவிப்பாளராகட்டும். மற்றவர்கள் வேண்டுமென்றே சத்தம் போடட்டும். இரைச்சலுக்கு நடுவே வண்டி எண்ணையும் நடைமேடையையும் மட்டும் பிடித்து எழுதுவதுதான் பயிற்சி. தமிழ்ப் பாடத்தின் கேட்டல் திறனுக்கு இதைவிட நல்ல தேர்வு கிடைக்காது.

இதையொட்டி ஓர் உரையாடலும் நடத்தலாம். 2023 பிப்ரவரி இறுதியில், சென்ட்ரலில் ஒலி அறிவிப்புகளைச் சோதனையாக நிறுத்திவிட்டு, மின்பலகைகளில் மட்டும் தகவல் காட்டினார்கள். பயணிகளிடமிருந்து எதிர்ப்பு வரவே, சில நாட்களில் அறிவிப்புகள் திரும்பின. “ஒலி இல்லாத நிலையம் யாருக்கு வசதி? யாருக்குத் துன்பம்?” என்று கேளுங்கள். பார்வையற்றவர், எழுத்தறியாத முதியவர், இரு கைகளிலும் பையும் குழந்தையுமாக நிற்கும் தாய் என மாணவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்குவார்கள். பொது இடம் என்பது எல்லாருக்குமான இடம் என்ற கருத்து வரையறையாக அல்லாமல் மனிதர்களாக வகுப்புக்குள் வரும்.

அடுத்தது விசாரித்தல். நம் மாணவர்கள் பலருக்கு முன்பின் அறியாதவரிடம் பேசக் கூச்சம். தம் வட்டார வழக்கைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்ற அச்சமும் உண்டு. அந்த அச்சத்தை நாம்தான் நீக்க வேண்டும். நெல்லைத் தமிழில் கேட்டாலும் கொங்குத் தமிழில் கேட்டாலும் கேள்வி தெளிவாக இருந்தால் போதும். தெளிவான கேள்விக்கு மூன்று பகுதிகள் உண்டு: அழைப்பு, போக வேண்டிய இடம், வேண்டிய தகவல். “சார், பூங்கா ஸ்டேஷனுக்குப் போகணும். சுரங்கப்பாதை எந்தப் பக்கம்?” யாரிடம் கேட்பது என்பதும் பாடமே. விசாரணை அலுவலகம், சீருடையில் உள்ள ரயில்வே பணியாளர், ரயில்வே பாதுகாப்புப் படையினர், கடை வைத்திருப்பவர் ஆகியோர் முதலில். தாமாக வந்து உதவுகிறேன் என்பவரிடம் “தனியாகத்தான் வந்திருக்கிறேன்” என்று சொல்ல வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

செயல்பாடு 4: வாசலிலிருந்து எந்த வண்டி?

நிலையத்திற்கு வெளியே வந்தவர் முன் பல வழிகள் இருக்கின்றன. மாநகரப் பேருந்து, புறநகர் ரயில், மெட்ரோ, முன்கட்டண வாடகை வண்டி, செயலி வழி அழைக்கும் டாக்ஸி, ஆட்டோ. எதைத் தேர்வது என்பது கணக்குப் பாடம்.

தமிழ்நாடு அரசு 2013 ஆகஸ்டில் சென்னை ஆட்டோக்களுக்கு அறிவித்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். முதல் 1.8 கி.மீ. வரை ரூ.25. அதன் பின் ஒவ்வொரு கி.மீ.க்கும் ரூ.12. காத்திருப்புக்கு ஐந்து நிமிடத்திற்கு ரூ.3.50. இரவு 11 முதல் காலை 5 வரை 50 விழுக்காடு கூடுதல். நீங்கள் பாடம் நடத்தும்போது கட்டணம் மாறியிருந்தால் புதிய எண்களை இட்டுக்கொள்ளுங்கள். கணக்கின் அமைப்பு மாறாது.

தொலைவு 9.8 கி.மீ. என்று கொள்வோம். மாணவர்கள் பலர் 9.8ஐ 12ஆல் பெருக்கி 25ஐக் கூட்டி ரூ.142.60 என்பார்கள். முதல் 1.8 கி.மீ.க்கு இருமுறை பணம் கொடுத்துவிட்டார்கள் என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும். சரியான வழி: 9.8 – 1.8 = 8 கி.மீ. 8 × 12 = 96. 96 + 25 = ரூ.121. ஒன்பதாம் வகுப்பில் இதையே ஒரு நேரிய சமன்பாடாக எழுதி வரைபடம் வரையலாம். 1.8 வரை கிடைமட்டமாகச் செல்லும் கோடு, அதன் பின் ஏறத் தொடங்கும். “சாய்வு என்றால் என்ன?” என்ற கேள்விக்கு “கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு ரூபாய்” என்ற விடை கிடைக்கும்.

இனி மெட்ரோ. 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி 2 கி.மீ. வரை ரூ.10, 5 கி.மீ. வரை ரூ.20, 12 கி.மீ. வரை ரூ.30, 21 கி.மீ. வரை ரூ.40, அதற்கு மேல் ரூ.50. அதே 9.8 கி.மீ. தொலைவுக்கு ஒருவருக்கு ரூ.30. மெட்ரோவிலிருந்து இறங்கி வீடு வரை குறைந்தபட்சக் கட்டணத்தில் ஓர் ஆட்டோ என்று ரூ.25ஐயும் சேர்ப்போம்.

ஒருவர் மட்டும் என்றால் மெட்ரோ வழியில் ரூ.55, நேராக ஆட்டோவில் ரூ.121. மூன்று பேர் என்றால் மெட்ரோ வழியில் 90 + 25 = ரூ.115, ஆட்டோவில் அதே ரூ.121. வேறுபாடு ஆறு ரூபாய்தான். மூன்று பேரில் ஒருவர் ஆச்சி, கூடவே இரண்டு மூட்டைகள் என்றால்? இங்கே விடை ஒன்றல்ல. மாணவர்கள் தம் தேர்வைக் காரணத்தோடு சொல்லட்டும். நான்கு பேர் என்றால் கணக்கு மீண்டும் மாறும். ஆட்டோவில் மூவருக்குத்தான் அனுமதி. இரண்டு ஆட்டோவா, ஒரு டாக்ஸியா, மெட்ரோவா என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு கேள்வி: “வண்டி காலை 4.40க்குச் சென்ட்ரலை அடைகிறது. உடனே ஆட்டோ பிடிக்கலாமா, காத்திருக்கலாமா?” 5 மணிக்கு முன் 9.8 கி.மீ.க்கு இரவுக் கட்டணம் ரூ.181.50. 5 மணிக்குப் பின் ரூ.121. மெட்ரோவும் 5 மணியளவில்தான் ஓடத் தொடங்கும். காத்திருப்போர் அறையில் இருபது நிமிடம் உட்கார்ந்தால் ரூ.60.50 மிச்சம். விடியலும் நெருங்கிவிடும். சில நேரங்களில் காத்திருப்பதும் ஒரு நல்ல முடிவுதான்.

செயல்பாடு 5: ஏறும் முன், ஏறிய பின்

இது நடிப்புப் பயிற்சி. ஒருவர் ஓட்டுநர், ஒருவர் பயணி. மாணவியரும் பயணியாக நடிக்க வேண்டும். “அண்ணனோ அப்பாவோ பேசிக்கொள்வார்” என்று ஒதுங்கும் பழக்கத்தை இந்த மேடையிலேயே விடட்டும்.

“எங்கம்மா போகணும்?”

“சைதாப்பேட்டை போகணும்ண்ணா. மீட்டர் போடுவீங்களா?”

“மீட்டர்லாம் கட்டாதும்மா. முந்நூறு குடு, ஏறு.”

“வேண்டாம்ண்ணா. முன்கட்டண கவுன்டர்ல கேட்டுக்கிறேன். நன்றிண்ணா.”

இந்த நான்கு வரிகளில் கடினமானது கடைசி வரி. பெரியவர் சொன்னதை மறுப்பது மரியாதைக் குறைவு என்றே நம் குழந்தைகள் வளர்க்கப்பட்டிருக்கிறார்கள். பணிவாக மறுக்கலாம், மறுத்துவிட்டு நகரலாம், அதில் தவறில்லை என்பதை வாயால் சொல்லிப் பழக வேண்டும். பயணத்தில் மட்டுமன்றி வாழ்வின் வேறு பல இடங்களிலும் இந்தப் பழக்கம் ஒரு குழந்தையைக் காக்கும்.

செயலி வழி டாக்ஸி அழைத்தால் வேறொரு சிக்கல் வரும். ஓட்டுநர் அழைத்து “எங்க நிக்கிறீங்க?” என்பார். “சென்ட்ரல் முன்னாடி” என்ற விடையால் பயனில்லை. அங்கே அந்த நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் நிற்பார்கள். “புறநகர் ரயில் நுழைவாயில் பக்கம், ரிப்பன் மாளிகைக்கு முன்னாடி. நீலச் சட்டை, கையில சிவப்புப் பை” என்றால் அவர் வந்துவிடுவார். இரண்டே வாக்கியங்களில் தாம் நிற்கும் இடத்தை அடையாளப்படுத்துவதைத் தமிழ் வகுப்பில் எழுத்துப் பயிற்சியாகத் தரலாம். ஒருவர் எழுதியதைப் படித்து மற்றொருவர் பள்ளி வளாகத்தில் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தால் முழு மதிப்பெண்.

வண்டி வந்ததும் பார்க்க வேண்டியவை:

1. பதிவெண். செயலியில் காட்டும் எண்ணும் வண்டியில் இருக்கும் எண்ணும் ஒன்றா?

2. எண்பலகையின் நிறம். வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. சொந்தப் பயன்பாட்டு வண்டிக்கு வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து. மின்வண்டிகளுக்குப் பச்சைப் பலகை. அதில் எழுத்து மஞ்சள் எனில் வாடகை வண்டி, வெள்ளை எனில் சொந்த வண்டி.

3. நான்கு இலக்கக் கடவு எண். பதிவெண்ணைச் சரிபார்த்து வண்டியில் ஏறிய பிறகே அதைச் சொல்ல வேண்டும். கைப்பேசி அழைப்பில் கேட்டால் சொல்ல வேண்டாம்.

4. ஏறியதும் பதிவெண்ணையும் போகும் இடத்தையும் வீட்டுக்குச் செய்தியாக அனுப்ப வேண்டும். கைப்பேசி மின்னேற்றம் தீர்ந்துபோகக்கூடும் என்பதால் இரண்டு தொலைபேசி எண்களை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். கொஞ்சம் சில்லறையும் கையில் இருக்கட்டும்.

செயல்பாடு 6: வழி தவறினால்

கூட்டத்தில் குடும்பத்தைவிட்டுப் பிரிந்த குழந்தை என்ன செய்ய வேண்டும்? ஓடக் கூடாது. நிலையத்தைவிட்டு வெளியே போகக் கூடாது. கடைசியாகக் குடும்பத்தோடு நின்ற இடத்திலேயே சற்று நேரம் நிற்க வேண்டும். யாரும் வரவில்லை என்றால் சீருடை அணிந்தவரிடமோ பெரிய நிலையங்களில் உள்ள குழந்தைகள் உதவி மையத்திடமோ செல்ல வேண்டும். மூன்று எண்கள் எல்லாருக்கும் மனப்பாடமாக வேண்டும்: குழந்தைகளுக்கான உதவி எண் 1098, ரயில்வே உதவி எண் 139, எந்த அவசரத்திற்கும் 112. பெண்களுக்கான உதவி எண் 181ஐயும் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் நாம் மனத்தில் வைக்க வேண்டும். வீட்டில் கோபித்துக்கொண்டோ மதிப்பெண்ணுக்கு அஞ்சியோ புறப்படும் குழந்தை பெரும்பாலும் வந்து இறங்கும் இடம் இத்தகைய பெரிய நிலையம்தான். “1098க்கு அழைத்தால் திட்டமாட்டார்கள். உன் பக்கம் நின்று பேசுவார்கள்” என்று வகுப்பு முழுவதற்கும் பொதுவாகச் சொல்லி வைப்போம். யாருக்கு அது தேவைப்படும் என்று நமக்கு முன்கூட்டியே தெரியாது.

ஓட்டுநர் ஒருவர் வகுப்புக்கு வரட்டும்

இந்தப் பாடத்தை நடத்தும்போது ஓர் எச்சரிக்கை தேவை. ஆட்டோ, டாக்ஸி ஓட்டுநர்கள் ஏமாற்றுபவர்கள் என்ற எண்ணம் மாணவர் மனத்தில் பதிந்துவிடக் கூடாது. நம் வகுப்பிலேயே ஓட்டுநர்களின் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்கள் தலைகுனியும்படி ஒரு பாடம் இருக்கலாகாது. எனவே, ஓட்டுநராக இருக்கும் பெற்றோர் ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள். ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் ஆளில்லாமல் ஓட வேண்டியிருக்கிறது, எரிபொருளுக்கு எவ்வளவு, வண்டி வாடகை அல்லது கடன் தவணை எவ்வளவு, மிஞ்சுவது எவ்வளவு என்று மாணவர்கள் கேட்டு அட்டவணை போடட்டும். கட்டணத்தை உயர்த்தக் கோரி ஓட்டுநர் சங்கங்கள் நெடுங்காலமாகக் குரல் கொடுத்து வருவதன் காரணம் அந்த அட்டவணையில் தெரியும். பயணிக்கு நியாயமான கட்டணம், ஓட்டுநருக்கு நியாயமான வருமானம், இரண்டும் ஒரே நேரத்தில் எப்படிச் சாத்தியம் என்ற கேள்வி பத்தாம் வகுப்புக்குச் சிறந்த விவாதப் பொருள்.

மதிப்பீடு

எழுத்துத் தேர்வு வேண்டாம். மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பயண அட்டையைக் கொடுங்கள். அதில் வண்டி எண், புறப்படும் நிலையக் குறியீடு, சென்னை சேரும் நேரம், உடன் வருவோர், கையில் உள்ள பணம், போக வேண்டிய தொலைவு ஆகியவை இருக்கட்டும். அவர் செய்ய வேண்டியவை நான்கு: எந்த நிலையத்தில் இறங்குவார் என்று சொல்வது, தரை வரைபடத்தில் நடந்து வாசலுக்கு வருவது, இரண்டு வழிகளின் செலவை ஒப்பிட்டுக் காரணத்தோடு ஒன்றைத் தேர்வது, உதவி எண்களைப் பார்க்காமல் சொல்வது. சக்கர நாற்காலியில் செல்பவர், பார்வைக் குறையுள்ளவர் ஆகியோருக்கான அட்டைகளையும் கலந்து வையுங்கள். அப்போது படிக்கட்டும் ஒலி அறிவிப்பும் எல்லா மாணவர்களின் கவனத்துக்கும் வரும்.

வாய்ப்பிருந்தால் அருகிலுள்ள ரயில் நிலையத்திற்கு, நிலைய அலுவலரிடம் முன்அனுமதி பெற்று, பெற்றோர் ஒப்புதலோடு அழைத்துச் செல்லலாம். ஒரே ஒரு நடைமேடை கொண்ட சிறு நிலையமானாலும் போதும். குறியீடு, நேர அட்டவணை, அறிவிப்பு, விசாரணைச் சாளரம் எல்லாம் அங்கும் உண்டு. சிறு நிலையத்தில் கற்றுக்கொண்டதைப் பெரிய நிலையத்தில் பயன்படுத்துவது கடினமன்று.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம் தரலாம். மாணவர்கள் தாம் கற்றவற்றில் மூன்றை வீட்டில் உள்ள பெரியவர் ஒருவருக்குச் சொல்லித்தர வேண்டும். படுக்கை எண்ணின் மீதிக் கணக்கும், நள்ளிரவுத் தேதியும், 139 என்ற எண்ணும் ஒவ்வொரு வீட்டையும் சென்றடையட்டும். அடுத்த முறை மருத்துவமனைக்கோ உறவினர் வீட்டுக்கோ குடும்பம் சென்னைக்குப் புறப்படும்போது, பயணச்சீட்டைக் கையில் வாங்கிப் படித்துச் சொல்பவர் அந்தக் குழந்தையாகவே இருக்கும்.